பன்னிரண்டு சீசன், ஒன்பது புத்தகம்: பேஸ்பால் ஸ்கோர்புக்கோடு என் அனுபவம்

ஸ்கோர்புக் (ஆட்டத்தை அடி அடியாகக் கையால் எழுதிவைக்கும் நோட்டு) வாங்கலாமா, கைபேசியில் ஒரு செயலி போதாதா என்று புதிதாகப் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்த நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை முழுதாகவே எழுதிவிடுகிறேன். 2013 ஏப்ரலில் முதல் புத்தகம் வாங்கினேன். 2024 செப்டம்பர் 26 அன்று ஒன்பதாவதை மூடினேன். முந்நூறு ஆட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். பெரும்பாலானவை கலிபோர்னியாவில் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் (சுருக்கமாக ஏஸ்) அணியின் அப்போதைய மைதானமான கொலிசியத்தில் நேரில் உட்கார்ந்து எழுதியவை. மிச்சம் வீட்டில், சாப்பாட்டு மேசையில், ரேடியோ கேட்டு எழுதியவை.

புத்தகம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டத்துக்கு எதிரெதிராக இரண்டு பக்கம். ஒன்று வெளியூர் அணிக்கு, ஒன்று உள்ளூர் அணிக்கு. இடது ஓரத்தில் பேட் செய்யும் வரிசைப்படி ஒன்பது பேர். மேலே ஒன்று முதல் ஒன்பது வரை இன்னிங்ஸ். பேர் ஒரு பக்கம், இன்னிங்ஸ் ஒரு பக்கம் சந்திக்கிற இடத்தில் ஒரு சதுரக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் மங்கலான கோட்டில் ஒரு டைமண்ட், நான்கு பேஸுக்கும் நான்கு மூலை. பேட்டர் முதல் பேஸுக்குப் போனால் டைமண்டின் முதல் பக்கத்தைக் கறுப்பாக்க வேண்டும். சுற்றி வந்து ரன் எடுத்துவிட்டால் உள்ளே முழுதும் நிரப்பிவிட வேண்டும். தூரத்திலிருந்து பக்கத்தைப் பார்த்தாலே எத்தனை கறுப்பு டைமண்ட், எத்தனை ரன் என்று தெரிந்துவிடும்.

பீல்டர்களுக்குப் பேர் எழுத இடம் கிடையாது, எண்தான். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளி மைதானத்தில் இடமிருந்து வலமாக 7, 8, 9. இது சட்டையில் இருக்கும் எண் இல்லை, அணியில் அவர் ஆடுகிற பொறுப்புக்கான எண். ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸ்காரரிடம் போட்டு, அவர் முதல் பேஸுக்கு எறிந்து, ஒரே அடியில் இரண்டு பேர் அவுட்டானால் அது 6-4-3. இரண்டு மாதம் எழுதினால் போதும், பந்து கிளம்பும்போதே எண்கள் மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிடும். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட். மூன்றாவதை மட்டையைச் சுழற்றித் தவறவிட்டால் நேரான ‘கே’. சுழற்றாமலே நின்று அம்பயர் ஸ்ட்ரைக் என்று சொல்லிவிட்டால் திருப்பிப் போட்ட ‘கே’. எனக்கு இந்தத் திருப்பிப் போட்ட கே மேல் தனிப் பிரியம். ஒரு மனிதன் முடிவெடுக்க முடியாமல் உறைந்துபோன அரை நொடி அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

எனக்கு இது சுலபமாக வந்ததற்குக் காரணம் என் அப்பா. தஞ்சாவூரில் கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் கிரிக்கெட் அணிக்கு ஸ்கோர் எழுதுவார். நான் எட்டாவது படிக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பந்துவீச்சுப் பக்கத்துக்குப் புள்ளி வைத்திருக்கிறேன். ஒரு ஓவரில் ஆறும் புள்ளியாகவே விழுந்துவிட்டால் அவற்றைக் கோட்டால் சேர்த்து ‘எம்’ என்று ஆக்குவது என் வேலை. மெய்டன் ஓவர். அந்த எம் போடுவதற்காகவே ரன் விழக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன்.

அதனால் ஹென்றி சாட்விக்கைப் பற்றிப் படித்தபோது தெரிந்தவர் ஒருவரைச் சந்தித்த மாதிரி இருந்தது. 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்து, நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். 1850களில் ஹோபோகன் நகரத்தின் எலிசியன் பீல்ட்ஸ் மைதானத்தில் பேஸ்பால் பார்த்துவிட்டு, இதுதான் அமெரிக்கர்களின் ஆட்டமாகப் போகிறது என்று முடிவு செய்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். கிரிக்கெட் ஸ்கோர்கார்டைப் பேஸ்பாலுக்கு ஏற்றபடி மாற்றிப் பத்திரிகையில் அச்சிட வைத்தது அவர்தான். அந்த ‘கே’யும் அவர் வைத்ததுதான்: ‘எஸ்’ ஏற்கெனவே சாக்ரிஃபைஸுக்கு (பேஸில் நிற்பவரை நகர்த்தத் தான் அவுட்டாகிற அடி) போய்விட்டதால், ‘ஸ்ட்ரக்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துக்கொண்டார். தஞ்சாவூரில் அப்பா எழுதிய நோட்டும் ஓக்லண்டில் நான் எழுதுகிற நோட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சரி, பொருளுக்கு வருகிறேன். முதல் புத்தகம் விளையாட்டுச் சாமான் கடையில் பத்து டாலருக்குள் வாங்கியது. சுருள்கம்பி போட்டது. தாள் மெல்லிசு, ரப்பரால் இரண்டு தடவை அழித்தால் ஓட்டை விழும். அதைவிடப் பெரிய குறை பிட்சர்களுக்கு ஐந்து வரிதான் விட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் செப்டம்பர் வந்துவிட்டால் அணியில் நாற்பது பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு பேட்டருக்கு ஒரு பிட்சர் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஏழாவது பிட்சர் உள்ளே வரும்போது எனக்கு எழுத இடமே இருக்காது. 2020-இலிருந்து அதை 28 பேர் என்று குறைத்துவிட்டார்கள், இப்போது அந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. ஆனாலும் புத்தகம் வாங்கும்போது பிட்சர் வரிகளை எண்ணிப் பாருங்கள். குறைந்தது எட்டு இருக்க வேண்டும். மாற்று ஆட்டக்காரர்களுக்கு ஒவ்வொரு பேட்டர் பேருக்கும் கீழே குறைந்தது ஒரு காலி வரி வேண்டும். மூன்றாவது புத்தகத்திலிருந்து நான் தடித்த தாள் போட்ட புத்தகம்தான் வாங்குகிறேன். விலை இரண்டு மடங்கு. கொடுக்கலாம்.

பேனா வேண்டாம். விரிகுடாப் பக்கத்து மாலைக் காற்றில் ஈரம் இருக்கும், ஆகஸ்டிலேயே ஸ்வெட்டர் போட வைக்கும் குளிர், மை பரவிவிடும். 0.7 முனை மெக்கானிக்கல் பென்சில், தனியாக ஒரு வெள்ளை ரப்பர். 0.5 முனை, கை விரைத்த நேரத்தில் அழுத்தினால் உடைந்துகொண்டே இருக்கிறது. பென்சில்தான் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஒரு முழு ஆட்டத்தின் கதை.

2018 ஏப்ரல் 21, சனிக்கிழமை மாலை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் வந்திருந்தார்கள். அந்த சீசனை 17 வெற்றி, 2 தோல்வி என்று ஆரம்பித்திருந்த அணி. எங்கள் பக்கம் ஷான் மனாயா, இடதுகைப் பிட்சர். எனக்குப் பக்கத்து இருக்கையில் வழக்கம்போல் ஒரு பெரியவர். 1968-இல் அணி கேன்சஸ் சிட்டியிலிருந்து ஓக்லண்டுக்கு வந்த வருடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர். மடியில் பலகை, பலகைமேல் ஸ்கோர்தாள், காதில் சின்ன ரேடியோ. எனக்கு இந்த எழுத்தில் பாதிக்கு மேல் அவர் சொல்லிக் கொடுத்தது.

ஐந்தாவது இன்னிங்ஸில் சாண்டி லியோன் ஒரு பந்தைத் தூக்கி அடித்தார். இடது பக்கமாக, உள்வட்டத்துக்கும் வெளி மைதானத்துக்கும் நடுவில் விழப்போகிற பந்து. ஷார்ட்ஸ்டாப் மார்கஸ் செமியென் முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். கையுறையில் பட்டு, பந்து கீழே விழுந்துவிட்டது. நான் உடனே ‘1பி’ என்று எழுதினேன். ஒற்றை ஹிட். ஓடிக்கொண்டே பின்னால் வந்து பிடிக்க வேண்டிய பந்து, எனக்கு அது ஹிட்டாகத்தான் பட்டது. பெரியவர் எழுதவில்லை. பென்சிலைத் தாளுக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்தபடி ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேட்டரின் அடியால் பேஸ் கிடைத்தால் ஹிட், பீல்டரின் தப்பால் கிடைத்தால் பிழை. பேஸ்பாலில் அது ஹிட்டா பிழையா என்று தீர்மானிப்பது அம்பயர் இல்லை. அதற்கென்று லீக் நியமித்த ஸ்கோரர் ஒருவர் மேலே பத்திரிகையாளர் மாடத்தில் இருப்பார். கொஞ்ச நேரத்தில் போர்டில் பிழை என்று வந்தது. பெரியவர் ‘ஈ6’ என்று எழுதினார், ஈ என்றால் எரர், பிழை. நான் என் 1பி-யை அழித்துவிட்டு அதையே எழுதினேன். சரியாக அழியவில்லை.

அடுத்த இன்னிங்ஸில் இன்னொன்று. ஆண்ட்ரூ பெனின்டெண்டி முதல் பேஸ் பக்கம் மெதுவாக உருட்டிவிட்டு ஓடினார். மாட் ஓல்சன் பந்தோடு பாய்ந்து தொடப் பார்த்தார், தொட முடியவில்லை. சேஃப் என்றார்கள். மறுபடி 1பி எழுதினேன். அப்புறம் அம்பயர்கள் ஒன்று கூடிப் பேசி, தொடலைத் தவிர்க்க ஓடுபாதையை விட்டு விலகி ஓடினார் என்று அவுட் கொடுத்துவிட்டார்கள். மறுபடி ரப்பர். ஓல்சன் பேரில் வெறும் 3.

ஏழாவது இன்னிங்ஸ் வந்ததும் பெரியவர் தன் தாளில் ஹிட் எண்ணிக்கை எழுதுகிற கடைசிப் பத்தியின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். அந்தப் பத்தியில் ஒன்றுமே இல்லை. ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒரு பிட்சர் ஆட்டத்தை முடித்தால் அது நோ-ஹிட்டர். நடந்துகொண்டிருக்கும்போது யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். நானும் சொல்லவில்லை. இந்த ஆட்டத்தின் அழகு என்னவென்றால் மனாயாவுக்கே விஷயம் தெரியாது. லியோன் அடித்தது ஹிட் என்றே நினைத்துக்கொண்டு வீசிக்கொண்டிருந்தாராம். எட்டாவது இன்னிங்ஸில் போர்டைப் பார்த்தபோதுதான் பூஜ்யம் கண்ணில் பட்டிருக்கிறது. கடைசிப் பந்தை ஹான்லி ராமிரெஸ் தரையோடு அடித்தார். எடுத்தது அதே செமியென். இரண்டாம் பேஸுக்குப் போட்டார். 6-4. ஆட்டம் 3-0.

அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தாலும் ஈ6-க்கு அடியில் அழித்த 1பி மங்கலாகத் தெரிகிறது. இணையத்தில் அந்த ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோர், அதாவது சுருக்க அட்டவணை, யாருக்கும் கிடைக்கும். முதலில் நான் அதை ஹிட் என்று நினைத்தேன் என்பது என் தாளில் மட்டும்தான் இருக்கிறது.

பெரியவர் சொல்லிக் கொடுத்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாங்கீஸின் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்து பிறகு வர்ணனையாளரான ஃபில் ரிஸூட்டோ, தான் கவனிக்காமல் விட்டுவிட்ட அடிக்கு ‘டபிள்யூ டபிள்யூ’ என்று எழுதுவாராம், ‘வாஸன்ட் வாட்சிங்’, பார்க்கவில்லை என்பதற்குச் சுருக்கமாக. பக்கத்துத் தாளைப் பார்த்து நிரப்பிக்கொள்வதைவிட அது நேர்மையானது என்று பெரியவர் சொல்வார். நானும் அப்படியே எழுத ஆரம்பித்தேன், ஆனால் தமிழில்: ‘பா.வி.’ என்று. பார்க்கவில்லை. 2016-இல் ஒரு பக்கத்தில் மூன்று இன்னிங்ஸுக்குப் பா.வி. இருக்கிறது. என் மகனுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்து, ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்த நேரம்.

செயலி பற்றிக் கேட்பவர்களுக்கு: 2017-இல் பாதி சீசன் பயன்படுத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. தொட்டால் போதும், சராசரி எல்லாம் தானே கணக்காகிவிடும். ஆனால் பார்வை திரையிலேயே போய்விடுகிறது. அடுத்த வீரர் பேரைத் தேடிக் கீழே தள்ளிக்கொண்டிருக்கும்போது மேலே ஒரு பந்து போய்விடும். அப்புறம் கைபேசி மாற்றியபோது அந்தப் பாதி சீசன் முழுதும் காணாமல் போனது. மறுபடி தாளுக்கு வந்துவிட்டேன். குழந்தைகளின் பள்ளி ஆட்டத்துக்கு ஸ்கோர் வைக்கிறவர்களுக்குச் செயலி வசதிதான், ஒரே நேரத்தில் எல்லாப் பெற்றோரும் பார்க்கலாம். எனக்கு ஒத்துவரவில்லை.

கொலிசியம் பற்றி ஒரு வார்த்தை. ஏஸ் அங்கே ஆடியவரை, பெரிய லீக் மைதானங்களிலேயே ஃபவுல் கோட்டுக்கு வெளியே அவ்வளவு அகலமான இடம் வேறு எங்கும் இருக்கவில்லை. மற்ற ஊரில் ரசிகர்கள் மடியில் விழுகிற பந்து இங்கே பீல்டர் கையில் விழுந்தது. என் ஒன்பது புத்தகத்திலும் ஃபவுல் கேட்ச்கள் நிறைய, அதுவும் 3, 5 எண்களுக்கு. வேறு மைதானத்தில் எழுதிய சில பக்கங்களோடு வைத்துப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. மைதானத்தின் அளவு தாளில் இறங்கியிருக்கிறது.

2019-இல் அப்பா ஆறு மாதம் வந்து எங்களோடு இருந்தார். மே 7, செவ்வாய்க்கிழமை இரவு. சின்சினாட்டி ரெட்ஸோடு ஆட்டம். வேலைநாள் என்பதால் போகவில்லை. மேசையில் நான் ஒரு தாள், அப்பா ஒரு தாள். கொலிசியத்தில் விளக்குத்தூண் ஒன்று எரியாமல் போய், ஆட்டம் 98 நிமிடம் தாமதமாக ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு முழுமுறையையும் சொல்லிக் கொடுத்தேன். அரை மணியில் பிடித்துக்கொண்டார்.

“இது நம்ம ஸ்கோர்புக்தாம்மா. படுக்க வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.”

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி.

“இதுல டாலி எங்க?”

கிரிக்கெட் ஸ்கோர்புக்கில் பேட்டிங் பக்கமும் பந்துவீச்சுப் பக்கமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கேயோ தப்பு. வங்கியில் சாயங்காலம் பணப்பெட்டியை மூடுகிற மாதிரி. இதில் அப்படி ஒன்றும் கிடையாது என்றே நான் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் அதிகாரபூர்வ விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஓர் அணியின் அட்-பேட் (கணக்கில் சேரும் பேட்டிங் முறை), வாக் (நான்கு தப்புப் பந்தால் கிடைக்கும் முதல் பேஸ்), பந்து உடம்பில் பட்டு முதல் பேஸுக்குப் போனவர்கள், சாக்ரிஃபைஸ் அடிகள், எதிரணி குறுக்கிட்டதால் பேஸ் கிடைத்தவர்கள், இவை எல்லாவற்றையும் ஒரு பக்கம் கூட்ட வேண்டும். அந்த அணியின் ரன், பேஸில் தங்கிப்போனவர்கள், எதிரணி எடுத்த அவுட், இவை மூன்றையும் இன்னொரு பக்கம் கூட்ட வேண்டும். இரண்டும் சமமாக வர வேண்டும்.

அப்பா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “சரியாத்தான் இருக்கு. பேட் பிடிக்க வந்தவன் ஒண்ணு வீட்டுக்குத் திரும்பியிருக்கணும், இல்லைன்னா அவுட் ஆகியிருக்கணும், இல்லைன்னா நடுவழியில நிக்கணும். நாலாவது வழி கிடையாது.”

அன்றைக்கு மைக் ஃபையர்ஸ் 131 பந்து வீசி நோ-ஹிட்டர் எறிந்தார். பெரிய லீக் வரலாற்றில் அது 300-ஆவது. ஆறாவது இன்னிங்ஸில் ஜூரிக்சன் ப்ரோஃபார் பாய்ந்து ஒரு பந்தைப் பிடிக்க, அடுத்ததாக ஜோயி வோட்டோ அடித்த ஹோம் ரனை ரமோன் லௌரியானோ வேலிக்கு மேலே கையை நீட்டிப் பறித்துக்கொண்டார். தாளில் இரண்டும் மற்ற கேட்ச் மாதிரியே வெறும் எண்தான்: 4, 8. அப்பாவுக்கு அது மனசு ஒப்பவில்லை. 8-ஐச் சுற்றி ஒரு நட்சத்திரம் போட்டார். ஓரத்தில் ‘விளக்கு 98 நிமிடம்’ என்று தமிழில் குறித்துவைத்தார். ஆட்டம் 2-0 என்று முடிந்தபோது நள்ளிரவை நெருங்கியிருந்தது. டாலி பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனார். அன்றிலிருந்து நான் டாலி பார்க்காமல் பக்கத்தை மூடுவதில்லை. முதல் சில மாதம் நாலில் ஒன்று இடித்தது. இப்போது அபூர்வமாகத்தான்.

இதையே அடுத்த முறை பெரியவரிடம் சொன்னேன். அவர் வேறு ஒரு தாளின் நகலைக் கொண்டுவந்து காட்டினார். 2010 மே 9, அன்னையர் தினம். டேலஸ் பிராடன் டாம்பா பே ரேஸுக்கு எதிராக எறிந்த பெர்ஃபெக்ட் கேம். பேஸுக்கே ஒருவரையும் விடவில்லை. பிராடன் பள்ளியில் படிக்கும்போதே அம்மாவைப் பறிகொடுத்தவர். அன்றைக்கு அவருடைய பாட்டி ஸ்டாண்டில் இருந்தார். தாளில் 27 கட்டம், 27 டைமண்ட், ஒன்றில்கூடக் கோடு விழவில்லை. கடைசிக் கட்டத்தில் 6-3. டாலி போட்டால் ஒரு பக்கம் 27. இன்னொரு பக்கம் பூஜ்யம், பூஜ்யம், 27. அதைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். ஊருக்குத் திரும்பியிருந்தார் அப்போது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள்.

விதிகள் மாறும்போது தாளும் மாறும். 2020-இலிருந்து பத்தாவது இன்னிங்ஸ் வந்தால் இரண்டாம் பேஸில் சும்மாவே ஓர் ஆளை நிறுத்திவிடுகிறார்கள், ஆட்டம் சீக்கிரம் முடிய. 2023-இல் அதை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அவர் பேட் பிடிக்காமலே பேஸுக்கு வந்தவர். அந்த இன்னிங்ஸில் டாலி ஒன்று கூடுதலாக வந்து நிற்கும். முதன்முதலில் அப்படி இடித்தபோது ஒரு மணி நேரம் தப்பைத் தேடினேன். அப்பாதான் போனில் கண்டுபிடித்தார். “உள்ளேயே வராத ஆளைக் கணக்குல வச்சா எப்படிம்மா டாலி ஆகும்?” இப்போது அந்த ஆளைப் புள்ளிக்கோட்டில் வரைகிறேன், கூட்டும்போது கழித்துவிடுகிறேன்.

பெரிய மாற்றம் 2023-இல் வந்த பிட்ச் கடிகாரம். பேஸில் யாரும் இல்லையென்றால் 15 நொடிக்குள் பிட்சர் வீச ஆரம்பித்துவிட வேண்டும். ஆள் இருந்தால் 20, அடுத்த வருடம் அதை 18 ஆக்கினார்கள். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாக இறங்கியது. பார்ப்பதற்கு நல்லது, மறுப்பதற்கில்லை. எழுதுகிறவர்களுக்குக் கைக்கு ஓய்வில்லை. நான் அதுவரை ஒவ்வொரு பந்தையும் கட்டத்தின் மூலையில் சின்னக் கோடாகப் போட்டுவந்தேன். 2023 மே மாதத்தோடு விட்டுவிட்டேன். இப்போது கடைசிக் கணக்கை மட்டும், மூன்று பால் இரண்டு ஸ்ட்ரைக் என்றால் 3-2 என்று, எழுதுகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் சீசனில் அதையும் விட்டுவிடலாம்; அவுட், ஹிட், ரன் போதும்.

அதே வருடம் பீல்டர்களை ஒரே பக்கமாகக் குவித்து நிறுத்தக் கூடாது என்றும் விதி வந்தது. அதற்கு முந்தைய பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 5-3 என்று எழுதியிருந்தால் பந்து இடது பக்கம் போனது என்று நினைத்துவிடாதீர்கள். இடதுகை பேட்டர் வந்தால் மூன்றாம் பேஸ்காரரை வலது பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். எண் அவருடைய பொறுப்புக்குத்தான், நிற்கிற புல்லுக்கு இல்லை.

எழுதி வைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ரெட்ரோஷீட்டைப் பற்றிச் சொல்வேன். 1984-இல் பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் ஓர் அழைப்பு விடுத்தார். ஆட்டத்தின் முழு விவரமும் பொதுமக்களுக்குக் கிடைக்காமல் இருந்த காலம் அது. ரசிகர்கள் நாமே எல்லா ஆட்டத்தையும் எழுதிவிடுவோம் என்றார், எழுதினார்கள். 1989-இல் டெலவேர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஸ்மித், அதற்கு முந்தைய காலத்து ஆட்டங்களையும் திரட்டப் போனார். அதுதான் ரெட்ரோஷீட். அணி அலுவலகங்களில் இருந்தவை, பத்திரிகையாளர்கள் வைத்திருந்தவை, ரசிகர்கள் வீட்டுப் பரண்களில் கிடந்தவை என்று ஸ்கோர்தாள்களைத் தேடித் தேடி, கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்தார்கள். ஊதியம் இல்லாத வேலை. யாரோ ஒருவர் ஒரு மதிய ஆட்டத்தில் தனக்காக எழுதிய பென்சில் கோடுகளால்தான் அந்த ஆட்டம் இன்றைக்கு ஒவ்வொரு அடியாக நமக்குத் தெரிகிறது. சுருக்க அடையாளங்களை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எது எதைக் குறிக்கிறது என்று எழுதி வையுங்கள். என்னுடையதில் பா.வி.க்கு விளக்கம் ஆங்கிலத்திலும் இருக்கிறது.

2024 செப்டம்பர் 26. கொலிசியத்தில் ஏஸ் அணியின் கடைசி ஆட்டம். 57 வருடம், நான்கு உலகத் தொடர் வெற்றி. 46,889 பேர் வந்திருந்தார்கள். அணியின் முன்னாள் பிட்சர் பாரி ஸீட்டோ தேசிய கீதம் பாடினார். சம்பிரதாய முதல் பந்தை முன்னாள் வீரர்கள் ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் எறிந்தார்கள். ரிக்கி ஓக்லண்டில் வளர்ந்த பிள்ளை. 1,406 பேஸ் திருடியவர், அதாவது அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்தவர். 1991 மே 1 அன்று லூ பிராக்கின் சாதனையான 938-ஐத் தாண்டிய 939-ஆவது திருட்டு இதே மைதானத்தில்தான். 2024 டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எறிய வந்தபோது எழுந்து நின்று பார்த்ததற்கு இப்போது மனசு நிறைவாக இருக்கிறது.

அன்றைக்கு எழுதுவதே பெரும்பாடாக இருந்தது. முன்வரிசையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். பெரியவர் இருக்கை மாறி வேறு பக்கம் உட்கார்ந்திருந்தார், மகளோடும் பேரனோடும். ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் வந்து என் தாளை வாங்கிப் பார்த்தார். நாலாவது இன்னிங்ஸில் ஒரு இடத்தில் 4-3 என்று இருக்க வேண்டியதை 6-3 என்று எழுதியிருந்தேன். விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். ஒன்பதாவது இன்னிங்ஸில் மேசன் மில்லர் வீச, டிராவிஸ் ஜங்கௌஸ்கி மூன்றாம் பேஸ் பக்கம் உருட்டிவிட்டார். மேக்ஸ் ஷூமன் எடுத்து முதல் பேஸில் டைலர் சோடர்ஸ்ட்ரமுக்கு எறிந்தார். 5-3. டெக்ஸஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிராக 3-2. மேலாளர் மார்க் காட்ஸே மைக்கைப் பிடித்து நன்றி சொல்லும்போது நான் உட்கார்ந்து டாலி பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் சரியாக வந்தது. அதுவரை அழவில்லை.

2025-இல் அணி வெஸ்ட் சாக்ரமென்டோவில் ஆட ஆரம்பித்தது. லாஸ் வேகஸில் புது மைதானம் தயாராகும்வரை அங்கே. பேருக்கு முன்னால் ஊர்ப்பேர் கிடையாது, வெறும் அத்லெட்டிக்ஸ். ரேடியோவில் கேட்டு நான்கு ஆட்டம் எழுதினேன். ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் அணியின் ஊருக்கு ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தை நான்கு தடவையும் காலியாக விட்டேன்.

அப்புறம் ஜூனில் ஒரு நாள் மகனைக் கூட்டிக்கொண்டு வெஸ்ட் ஓக்லண்டில் ரைமண்டி பார்க்குக்குப் போனேன். ஓக்லண்ட் பாலர்ஸ் என்று சின்ன அணி. எந்தப் பெரிய அணிக்கும் கீழே வராத பயோனியர் லீக்கில் 2024-இலிருந்து ஆடுகிறார்கள். பிட்சரின் கையுறைத் தோல் சுருக்கம் தெரிகிற தூரத்தில் உட்காரலாம். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து சமநிலையில் நின்றது. இந்த லீக்கில் கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது. ஆளுக்கொரு பேட்டரை நிறுத்தி, யார் அதிகம் ஹோம் ரன் அடிக்கிறார்கள் என்று போட்டி வைத்து முடித்துவிடுகிறார்கள். பன்னிரண்டு வருடத்தில் நான் எழுதியே இராத ஒன்று. எந்தக் கட்டத்திலும் அடங்காது. மகன் ஒவ்வொரு அடியாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தின் ஓரத்தில் சின்னச் சின்ன டைமண்டாக வரைந்து நிரப்பினேன்.

வீட்டுக்கு வந்து பக்கத்தைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். தஞ்சாவூரில் அப்போது காலை பதினொன்றரை இருக்கும். உடனே கூப்பிட்டார். ஒன்பது இன்னிங்ஸையும் அவரே கூட்டிப் பார்த்துவிட்டாராம், சரியாக இருக்கிறதாம்.

“ஓரத்துல ஏதோ வரைஞ்சிருக்கியே, அது எந்தக் கணக்கும்மா?”

அவனிடமே கேளுங்கள் என்று போனை மகனிடம் கொடுத்துவிட்டு, தாளின் தலைப்பில் ஊருக்கான இடத்தில் ஓக்லண்ட் என்று எழுதினேன்.